சுவர் ஓட்டையில் வந்த பதில்

மதியம் மூன்று மணி.

சிரிக்காதீர்கள். பேய் என்றால் நள்ளிரவில்தான் வர வேண்டும் என்று யாராவது அதற்கு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார்களா? இது மதியம் மூன்று மணிப் பேய். நான் சொல்லி முடித்த பிறகு, பட்டப்பகலில் குழாயைத் திறக்கக்கூட உங்களில் நாலு பேர் துணைக்கு ஆள் தேடுவீர்கள். ஜன்னல் பக்கம் இருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரலாம். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

மதியம் மூன்று மணி... கிடங்குச் சாலை. இரண்டு பக்கமும் ஷட்டர் இறக்கிய கிடங்குகள். தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயில். ஒரு நாய் இல்லை. ஒரு காக்கா இல்லை. அந்தச் சாலையில் ஒரு மனிதர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிறார். ஓட்டவில்லை, தள்ளுகிறார். பின் சீட்டில் ஒரு பழைய கம்பளி. கம்பளிக்குள் உள்ளங்கை அகலத்தில், முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கிய ஒரு பளிங்குத் தகடு. குலுங்கினால் கீறல் விழும். கீறல் விழுந்தால் தன் வாழ்க்கையே போச்சு என்று அவர் நம்பியிருந்தார்.

வாயும் சும்மா இல்லை. கொஞ்ச தூரம் போவார், நிற்பார். ஆளே இல்லாத சாலையைப் பார்த்துக் கேட்பார்.

"விலகிட்டியா?"

காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். பதில் இருக்காது. மறுபடி தள்ளுவார்.

இவர் என் சிநேகிதனுடைய பெரியப்பா மகன். கண்ணாடிக்கடைக்காரர். பைத்தியம் இல்லை. பைத்தியமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவரே ஆசைப்பட்ட காலம் அது.

கதை இவருடைய மச்சினனிடம் ஆரம்பிக்கிறது. மனைவியின் தம்பி. பம்ப் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் அவன் 'குழாய்'. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பான். அக்காள்தான் அவனை வளர்த்தாள். தையல் மெஷின் மிதித்து வளர்த்தாள். அவன் ஒரு நாள் எங்கேயோ மூடிப்போன கல் அறுக்கும் ஆலையிலிருந்து ஒரு பழைய பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். தண்ணீரால் கல்லை அறுக்கிற பம்ப். அதில் ஏறும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? ஒரு யானையை ஊசி முனையில் நிற்க வைத்தது மாதிரி. ஒரு யானை என்ன, நாலு யானை. யானைமேல் பாகனையும் வைத்துக்கொள்ளுங்கள்.

"மாமா, தண்ணியில வெளிச்சம் எடுத்துக் காட்டவா?" என்றான்.

"ஏன்டா, தண்ணியில இருந்து கரண்ட் எடுப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன்..."

"கரண்ட் இல்ல மாமா. வெறும் தண்ணி. ஒயர் கிடையாது, நெருப்பு கிடையாது. மயிர் கனத்துக்குத் தண்ணிய அடிக்கணும். வழுவழுன்னு ஒரு தகட்டுல அடிக்கணும். தகடு நீங்க குடுங்க, அடி நான் குடுக்கறேன்."

அக்காள் உள்ளேயிருந்து, "அடி நான் குடுக்கறேன், ரெண்டு பேரும் வாங்க. சாப்பாடு ஆறுது" என்றாள். அந்த வீடு அப்படித்தான் இருந்தது. கலகலவென்று.

பின்கட்டில் இரண்டு அறைகள். நடுவில் செங்கல் சுவர். ஓர் அறையில் பம்ப். அடுத்ததில் ஊசிமுனைக் குழாயும் அதற்கு எதிரே தாங்கியில் பளிங்குத் தகடும். பம்ப் வெடித்தால் ஓர் ஆளோடு போகட்டும் என்று நடுவில் சுவர். நல்ல எண்ணம், இல்லையா? இரும்புக் குழாய் போவதற்காகச் சுவரில் ஒரு ஓட்டை போட்டிருந்தார்கள். பம்ப் பக்கம் இருப்பவருக்கு அடுத்த அறை தெரியாது. அந்த ஓட்டை வழியாகப் பேச்சு மட்டும் கேட்கும்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். முதலில் மோட்டார் ஓடும். வீடே அதிரும். அழுத்தம் ஏறித் தொட்டியில் நின்றதும் மோட்டாரை நிறுத்துவார்கள். அப்படியே அமைதி... சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது மட்டும் கேட்கும். அந்த அமைதியில் பம்ப் பக்கம் நிற்கும் மாமா ஓட்டையில் வாய் வைத்துக் கேட்பார்: "விலகிட்டியா?" தகட்டைச் சரிசெய்துகொண்டிருக்கும் மச்சினன் கையை எடுத்துவிட்டுச் சொல்வான்: "விலகிட்டேன்!" அந்த வார்த்தை வராமல் வால்வில் கை வைக்கவே கூடாது. அவன் போட்ட சட்டம். சில நாள் இடம் மாற்றிக்கொள்வார்கள். அப்போது மச்சினன் கேட்பான், மாமா பதில் சொல்வார். எந்தப் பக்கமும் சட்டம் ஒன்றுதான்.

வெளிச்சம் வந்ததா என்று கேட்கிறீர்களா? வந்தது! ஜன்னலெல்லாம் கம்பளி அடித்து இருட்டாக்கி, வால்வைத் திறந்தால்... 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்பு சீறுவது மாதிரி ஒரு சத்தம். தண்ணீர் தகட்டில் குத்துகிற இடத்தைச் சுற்றி நீலமாக ஒரு வளையம். ஆடாமல் அசையாமல் அப்படியே நிற்கும். வளையல் அளவு... சரி, முறைக்காதீர்கள், எறும்புக்குப் போடுகிற வளையல் அளவு. ஆனால் நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். இடி விழுந்த பிறகு வருமே ஒரு வாசனை, அது அறை முழுக்க நிற்கும். இன்னொரு வேடிக்கை: வளையம் எரியும்போதெல்லாம் முன்னறையில் அக்காளின் ரேடியோ 'கொர்ர்ர்' என்று இழுக்கும். "பாட்டு கேக்க விடறீங்களா?" என்று அவள் அங்கிருந்தே கத்துவாள். அதைக் கேட்டால்தான் இவர்களுக்கு வளையம் வந்த திருப்தி.

ராத்திரி செய்தால் தெருவே எழுந்து அடிக்க வரும் என்பதால், எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் மதியத்தில்தான் செய்வார்கள். அதனால்தான் மதியம் மூன்று மணி.

அப்படி ஒரு மதியம். பம்ப் பக்கம் மாமா. மோட்டார் ஓடி நின்றது. அமைதி. சொட்டு... சொட்டு...

"விலகிட்டியா?"

"விலகிட்டேன்."

வால்வைத் திறந்தார்.

"ஆ!" என்று ஒரு சின்னக் குரல். அவ்வளவுதான். அலறல்கூட இல்லை.

அடுத்த அறைக்கு ஓடினார். மச்சினன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கை நடுவே ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை.

"கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கு" என்று சிரித்தான். அப்புறம் நெற்றியைச் சுருக்கினான். "ஆனா மாமா... நான் இன்னும் சொல்லவே இல்லையே. ஏன் தொறந்தீங்க?"

மெஷினை விட்டு எழுந்து வந்த அக்காள் வாசற்படியில் நின்று இந்த ஒரு வாக்கியத்தைத்தான் கேட்டாள். முன்னால் நடந்த எதையும் கேட்கவில்லை. மெஷின் ஓடிய சத்தத்தில் கேட்டிருக்கவும் முடியாது.

"டேய், நீ சொன்னே. என் காதால கேட்டேன்!"

"இல்ல மாமா. தகட்டைத் திருப்பிக்கிட்டு இருந்தேன். வாயே தொறக்கல."

கண்ணுக்குத் தெரிந்தது ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாக உள்ளே போன தண்ணீர் சும்மா இருக்குமா? சாயங்காலம் கை வீங்கியது. அவன் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தான். காலையில் தோள் வரை கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே, "இதை நேத்தே ஏன் கொண்டுவரல?" என்பதுதான். அதற்குப் பிறகு அவன் வீடு திரும்பவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் கண்ணாடிக்கடைக்காரர் மனைவியிடம் போய் நின்றார். "நான் கேட்டேன். அவன் குரல்லதான் பதில் வந்துச்சு. உன்மேல ஆணையா" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சாகப் போறவன் எதுக்குங்க பொய் சொல்லப் போறான்?" என்றாள்.

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு புருஷனிடம் ஒரு வார்த்தை கிடையாது. சோறு வரும், தண்ணீர் வரும், துவைத்த சட்டை வரும். பேச்சு வராது. இவர் வாயைத் திறந்தால் அவள் மெஷினை மிதிப்பாள். டக்டக்டக்டக். இவர் குரலை உயர்த்தினால் மிதியும் உயரும். அந்த வருஷம் அந்தத் தெருவில் எல்லோர் துணியிலும் இரட்டைத் தையல். நம்ப மாட்டீர்கள், தலையணை உறைகள் கிழியவே கிழியாது.

மனிதர் உருகிப்போனார். அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். காது டாக்டரிடம் போனார். தன் காது கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்கு ஓடிப்போய், 'தப்பா கேட்டுட்டேன்மா, மன்னிச்சிடு' என்று காலில் விழலாம். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார்.

"உங்களுக்கென்னங்க, சுவத்துக்குள்ள எறும்பு நடந்தாலும் கேக்கும்!"

காது நன்றாக இருக்கிறதென்று ஒரு மனிதர் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? என் சிநேகிதன் பார்த்தான். "விட்டுத் தொலை அண்ணே, அந்தப் பம்ப்பைத் தூக்கிப் போடு" என்று கெஞ்சினான்.

"போட்டுட்டா? அப்புறம் எதை வெச்சுடா நிரூபிப்பேன்?"

நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. அந்தக் குரல் மறுபடி பேச வேண்டும். பேசுவதை அவள் கேட்க வேண்டும்.

தினமும் மதியம் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். தகட்டை வைப்பார், பம்ப் பக்கம் வருவார், மோட்டாரை ஓட்டுவார், நிறுத்துவார். சொட்டு... சொட்டு... "விலகிட்டியா?" காலி அறையைக் கேட்பார். ஓட்டையில் காதை வைத்து, கன்னத்தில் சுண்ணாம்பு ஒட்டும்வரை நிற்பார். பதில் வராது. வெறுத்துப்போய் வால்வைத் திறப்பார். ஸ்ஸ்ஸ். முன்னறையில் கொர்ர்ர். ரேடியோவை அணைக்கிற 'டிக்' சத்தம். அவள் பக்கத்திலிருந்து இவருக்கு வந்த ஒரே பதில் அந்த 'டிக்'தான்.

தகடுகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து விரிசல் விட்டன. நான் சொன்னேனே, ஸ்கூட்டர் தள்ளிக்கொண்டு வந்த நாள்... அன்று கம்பளிக்குள் இருந்தது கடைசித் தகடு. அதற்குமேல் அந்த மாதிரி வராது என்று விற்றவர் கையை விரித்துவிட்டார்.

கிடங்குச் சாலையில் "விலகிட்டியா? விலகிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவருக்கு, வீட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது பொறி தட்டியது. ஸ்கூட்டரை அப்படியே நிறுத்தினார்.

காலி அறையைக் கேட்டால் எப்படிப் பதில் வரும்? அன்றைக்கு அங்கே ஒரு கை இருந்தது. தகட்டுக்கு முன்னால், உயிருள்ள ஒரு கை. அதனால்தான் அது பேசியது. கை இருந்தால்தான் அது பேசும்.

அப்படியானால் கையை நாம் வைப்போம். கேள்வியை அவள் கேட்கட்டும். மச்சினன் குரலில் பதில் வரும். அவள் காதாலேயே கேட்பாள். செத்துப்போன தம்பியின் குரலைக் கேட்டுவிட்டு எந்த அக்காள் வால்வைத் திறப்பாள்? கை தப்பிக்கும், பேரும் தப்பிக்கும்.

எவ்வளவு அழகான கணக்கு! நீங்களும் தலையாட்டுகிறீர்கள் பாருங்கள்.

தையல் மெஷின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். டக்டக்டக்.

"நீ என்கிட்ட பேச வேண்டாம்" என்றார். "ஒரே ஒரு கேள்வி. அவன் சட்டப்படி. ஓட்டையில வாய் வெச்சுக் கேளு. விலகிட்டேன்னு நான் சொன்னாத் தொற. சொல்லலைன்னா தொறக்காத. அப்புறம் இந்தப் பம்ப்பை நானே ஒடச்சுப் போட்டுடறேன். செத்தாலும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

டக்டக்டக்டக்.

"ஒரு தடவைம்மா... அதுக்கப்புறம் என்னை எப்படி வேணும்னாலும் நினைச்சுக்கோ."

டக்... டக்.

மிதி நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எழுந்து பின்கட்டுப் பக்கம் நடந்தாள்.

அவர் கம்பளிகளை இழுத்துவிட்டார். கும்மிருட்டு. ஈரச் சிமெண்ட் வாடை, பம்ப் எண்ணெய் வாடை. தடவித் தடவிக் கடைசித் தகட்டைத் தாங்கியில் பொருத்தினார். வலது உள்ளங்கையை ஊசிமுனைக்கு எதிரே வைத்தார். இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் போட்ட மோட்டார் உறுமியது. சுவர் அதிர்ந்தது, பல் அதிர்ந்தது, அவருக்குள் இருந்ததெல்லாம் அதிர்ந்தது.

நின்றது.

சொட்டு...

சொட்டு...

"விலகிட்டீங்களா?"

மாதக்கணக்காகக் கேட்காத குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது. 'பேசிட்டா... என்கிட்ட பேசிட்டா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். பதில் சொல்லவில்லை. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு காத்திருந்தார். சொல்லுடா மச்சான். அக்கா கேக்கறா. ஒரு தடவை சொல்லுடா...

காதுக்குப் பக்கத்தில், காது மடலில் ஈரம் படுகிற அளவு பக்கத்தில், ஒரு குரல் நிதானமாகச் சொன்னது.

"விலகிட்டேன்."

மச்சினன் குரல் இல்லை.

அது அவருடைய குரல்.

அங்கேதான் கணக்கு தப்பியது. செத்தவன்தான் பேசுவான் என்று நினைத்தாரே தவிர, அன்றைக்கு அது பேசியபோது மச்சினன் உயிரோடு இருந்தான் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. அது யார் கை இருக்கிறதோ அவர் குரலில் பேசும்.

ஸ்ஸ்ஸ்.

வலிக்கவில்லை. உள்ளங்கை நடுவே குளிர்ந்த ஒரு கம்பி நுழைந்தது மாதிரி இருந்தது. கையைத் தாண்டிப் போன தண்ணீர் தகட்டில் குத்தி, நீல வளையம் பற்றிக்கொண்டது. அந்த வெளிச்சத்தில் தகட்டில் அவர் முகம் தெரிந்தது. கண்ணாடி வியாபாரம் செய்தவர். பிம்பம் பார்த்துப் பழகியவர். அவர் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் இருந்தார். தகட்டில் இருந்த வாய்... அப்போதுதான் பேசி முடித்து மெல்ல மூடிக்கொண்டிருந்தது.

சீறலில் ஏதோ வித்தியாசம் கேட்டு அவள் வால்வை மூடிவிட்டு ஓடிவந்தாள். கதவு படாரென்று திறந்தது.

"ஐயோ, கையை ஏன் எடுக்கல? விலகிட்டேன்னு சொன்னீங்களே! சொன்னீங்களே!"

அவர் கையை அவளிடம் நீட்டினார். நடுவில் ஒரு புள்ளி. குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது.

"உனக்கும் கேட்டுச்சா? என் குரல்ல கேட்டுச்சா?"

"நீங்கதானே..."

"நான் வாயே தொறக்கலம்மா."

அவள் அப்படியே நின்றாள். அதே வாசற்படி. அதே வார்த்தை. தம்பி சொன்ன அதே வார்த்தை. புருஷனின் கையைப் பார்த்தாள், இருட்டில் தகடு இருந்த பக்கம் பார்த்தாள், முகம் சாம்பலாகிப்போனது.

"நம்புறியா?" என்றார். "இப்பவாவது நம்புறியா?"

"நம்புறேங்க... நம்புறேங்க... முதல்ல வாங்க!" என்று அவரை இழுத்துக்கொண்டு தெருவில் ஓடினாள். காலில் செருப்பு இல்லை. இந்தத் தடவை யாரும் எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்கவில்லை. டாக்டர்கள் கையைக் கிழித்து, கழுவி, இரண்டு விரலை எடுத்து, ஆளைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று விரலோடு வீட்டுக்கு வந்தவர் மாப்பிள்ளை மாதிரி வந்தார். ஏனென்றால் அவள் பேசிக்கொண்டே வந்தாள். வழி முழுக்கப் பேசினாள். விட்டுப்போன மாதங்களுக்கெல்லாம் சேர்த்துப் பேசினாள்.

பம்ப்பை உடைத்துக் காயலான் கடைக்கு அனுப்பினார்கள். தகட்டைச் சுத்தியலால் பொடியாக்கினார்கள். சுவர் ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்து, சிமெண்ட் பூசி, மேலே சுண்ணாம்பும் அடித்தார்கள். அங்கே ஓட்டை இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். முடிந்தது கதை.

எங்கே எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள்.

கொஞ்ச நாள் கழித்து... அதே மதியம் மூன்று மணி. அவர் கடையில். அவள் தனியாக மெஷினில் இருக்கிறாள். ரேடியோவில் பாட்டு ஓடுகிறது. நூல் தீர்ந்துபோய் மிதியை நிறுத்தினாள். அந்த நேரத்தில்...

கொர்ர்ர்.

பம்ப் இல்லை. தகடு இல்லை. தண்ணீரும் இல்லை.

அவள் கையை எட்டி ரேடியோவை அணைத்தாள். டிக். வீடு முழுக்க அமைதி. பின்கட்டில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழும் சத்தம். இடி விழுந்த பிறகு வருமே, அந்த வாசனை. எழுந்து போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. பூசி அடைத்த சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலேயே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

முதலில் தம்பியின் குரல். "விலகிட்டேன்."

அப்புறம் புருஷனின் குரல். "விலகிட்டேன்."

அப்புறம்... மூன்றாவதாக ஒன்று. பெண் குரல். கொஞ்சம் கரகரத்த குரல்.

"விலகிட்டேன்."

அவள் வாழ்நாளில் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைப் பதிலாகச் சொன்னதில்லை. கேள்வி மட்டும்தான் கேட்டிருக்கிறாள்.

திரும்பி ஓடலாம் என்று பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள்... அவளுடைய வலது உள்ளங்கை, எப்போது வைத்தாளோ தெரியவில்லை, ஓட்டை இருந்த இடத்தில் சுவரோடு சுவராகப் பதிந்திருந்தது. சுண்ணாம்பு ஈரமாக இருந்தது.